இயந்திரம் நின்றபின் எஞ்சும் ஆபத்து: ஹைட்ராலிக் இணைப்புகள் கொண்ட புல்வெட்டி வாகனத்தைப் பாதுகாப்பாக இயக்குதல்

ஜெபல் அலியின் புல்வெளிகள் மழையால் வளர்ந்தவை அல்ல. 1979-இல் துறைமுகமும் 1985-இல் தடையற்ற வர்த்தக மண்டலமும் தோன்றிய பின்னர், மணலாகக் கிடந்த நிலத்தில் குடியிருப்புகளும் விடுதிகளும் அகன்ற சாலைகளும் எழுந்தன. அவற்றையொட்டியே பசுமையும் உருவாக்கப்பட்டது. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் குழாய்வழி பாய்ந்து அதனை வாழவைக்கிறது. உவர்ப்பைத் தாங்கும் பாஸ்பாலம் புல்லும், தமிழர் அருகம்புல் என அறிந்த இனமாகிய பெர்முடா புல்லும் இப்பகுதிக்கு ஏற்றவை. வெப்பக் காலத்தில் இவை விரைந்து வளர்வதால் புல்வெட்டும் பணியும் இடையறாது நடைபெறுகிறது.

பரந்த வெளிகளில் இப்பணி, அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வாகனத்தால் செய்யப்படுகிறது. அதனுடன் இணைக்கப்படும் கருவிகள் பல ஹைட்ராலிக் எண்ணெயின் விசையால் இயங்குபவை: ஏறி இறங்கும் டெக் எனப்படும் வெட்டும் பகுதி, சுழலும் உருளை வெட்டிகள், புல்லைச் சேகரித்து உயர்த்திக் கொட்டும் பெட்டி, சுழல் தூரிகை, மண்வாரி ஆகியன. இந்த வாகனத்தை இயக்குபவருக்கும், அவரை வேலைக்கு அனுப்பும் மேற்பார்வையாளருக்கும், அருகில் நடந்து பணிபுரியும் உதவியாளருக்கும் உரியது இப்பாடம்.

பாடத்தின் மையக் கருத்து ஒன்றே. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவதும் வாகனத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவருவதும் வேறு வேறு செயல்கள். முதலாவதற்கு ஒரு நொடி போதும். இரண்டாவதற்கு ஒரு முறையான வரிசை உண்டு. வாகனம் ஓடும்போது அனைவரும் விலகி நிற்கின்றனர். நின்றபின்தான் அடைப்பை நீக்கவும் கசிவைப் பார்க்கவும் கருவியை மாற்றவும் கைகள் அதனுள் செல்கின்றன. ஆகவே வரிசையை அறியாதவருக்கு அந்த நேரமே மிகுந்த ஆபத்தாக அமைகிறது.

1. எண்ணெயின் விசை

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் நிறுவிய விதி. ஹைட்ராலிக் கருவிகள் அனைத்தும் இவ்விதியின்படியே இயங்குகின்றன. எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் எண்ணெயை ஹோஸ்களின் வழியே தள்ளுகிறது. இயக்குபவர் லிவரை நகர்த்தும்போது வால்வு திறந்து, எண்ணெய் சிலிண்டருக்குள் சென்று பிஸ்டனைத் தள்ளுகிறது. டெக் உயர்கிறது அல்லது பெட்டி கவிழ்கிறது.

கார் டயரினுள் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2.2 பார். தொழில்முறைப் புல்வெட்டி வாகனத்தின் ஹைட்ராலிக் சுற்றிலோ 200 பார் அளவிலான அழுத்தம் தோன்றக்கூடும். உட்புற விட்டம் 5 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள ஒரு சிலிண்டர் இந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 4 டன் எடைக்கு நிகரான விசையைத் தரும். ஒரு கையால் பற்றிவிடக்கூடிய சிறிய சிலிண்டருக்கு இத்தனை விசை உண்டு என்பதை அதன் தோற்றம் காட்டுவதில்லை. கருவியின் கைகளுக்கும் சட்டகத்திற்கும் இடையில் விரல் சிக்கினால், அதனை உணர்ந்து நிற்கும் இயல்பு எண்ணெய்க்கு இல்லை.

2. எஞ்சும் மூன்று ஆற்றல்கள்

எஞ்சின் நின்றபின்னும் வாகனத்தில் மூன்று வகை ஆற்றல்கள் தங்கியிருக்கும்.

முதலாவது சுழற்சி. சுவிட்சை அணைத்த பின்னும் மின்விசிறி சில நொடிகள் சுற்றுவதுபோல, பிளேடும் தன் எடையின் வேகத்தால் தொடர்ந்து சுழலும். பிளேடு முனையின் வேகத்திற்கு அமெரிக்கத் தரநிலை விதித்துள்ள உச்ச வரம்பு நிமிடத்திற்கு 19,000 அடி. இது மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர் ஆகும். எஞ்சின் ஒலி அடங்கியதைக் கேட்டுப் பிளேடும் நின்றதாக முடிவு செய்தல் கூடாது. மேலும், ஒரே பட்டையால் இணைந்த பல பிளேடுகள் உள்ள டெக்கில், ஒன்றைக் கையால் திருப்பினால் மற்றவையும் திரும்பும்.

இரண்டாவது உயரம். தூக்கி நிறுத்திய டெக்கும் பெட்டியும் எண்ணெயின் பிடியில் மட்டுமே நிற்கின்றன. ஹோஸ் வெடித்தாலோ, வால்வு தேய்ந்திருந்தாலோ, யாரேனும் லிவரைத் தொட்டாலோ அவை கீழே விழும். டிப்பர் லாரியின் தொட்டி தூக்கிய நிலையில் இருக்கும்போது, முட்டு கொடுக்காமல் அதன் கீழே செல்லலாகாது என்பதை லாரித் தொழிலாளர் அறிவர். புல்வெட்டியின் டெக்கிற்கும் அதே விதி பொருந்தும். அளவில் சிறியது என்பதால் விதிவிலக்கு இல்லை.

மூன்றாவது அழுத்தம். பம்ப் நின்றபின்னும் ஹோஸ்களுக்குள்ளும் சிலிண்டர்களுக்குள்ளும் எண்ணெய் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும். அந்த நிலையில் இணைப்பைக் கழற்றினால் எண்ணெய் பீறிட்டு வரும். கருவியும் எதிர்பாராமல் அசையும்.

3. பணி தொடங்கும் முன்

முதலில் நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். நீர் தெளிப்பான்களின் தலைகள், வால்வுப் பெட்டிகளின் மூடிகள், சொட்டுநீர்க் குழாய்கள், கட்டுக் கம்பிகள், காற்றில் விழுந்த பேரீச்ச மட்டைகள், கற்கள் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அகற்றக்கூடியவற்றை அகற்றுதலும், அகற்ற இயலாதவற்றின் அருகே அடையாளக் கொடி நடுதலும் நன்று. பிளேடில் பட்ட கல்லும் கம்பித்துண்டும் தொலைவில் நிற்பவரையும் தாக்கவல்லவை.

அடுத்து வாகனத்தைப் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் எண்ணெயின் அளவைப் பார்க்கும்போது, கையேடு வேறுவிதமாகக் கூறாதவரை, எல்லாக் கருவிகளும் தரையில் இறக்கப்பட்டிருக்க வேண்டும். தூக்கிய நிலையில் எண்ணெயின் ஒரு பகுதி சிலிண்டர்களில் இருப்பதால் தொட்டியில் குறைவாகத் தோன்றும். அதை நம்பி மேலும் ஊற்றினால் பின்னர் வழியும். ஹோஸ்களில் உராய்வு, வெடிப்பு, உப்பல், ஈரத்தில் படிந்த மணல் ஆகியவை உள்ளனவா என்று கண்ணால் நோக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மணல் அப்பியிருப்பது பெரும்பாலும் கசிவின் அடையாளம். வெட்டிய புல் வெளியேறும் வாயின் காப்புத்தகடு தன் இடத்தில் இருக்க வேண்டும்.

இருக்கையின் அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. இயக்குபவர் எழுந்தால் அது பிளேடை நிறுத்தும். மேடுபள்ளத்தில் வாகனம் குலுங்கும்போது எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று கருதி, அந்தச் சுவிட்சைக் கம்பியால் கட்டி வைக்கும் பழக்கம் ஆங்காங்கே உண்டு. அவ்வாறு செய்த வாகனத்திலிருந்து ஒருவர் தவறி விழுந்தால் பிளேடு நிற்காது. கட்டப்பட்ட சுவிட்சைக் கண்டால் வாகனத்தை எடுக்காமல் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

உடையும் கவனத்திற்குரியது. கெட்டியான காலணி, கண்ணாடி, காதுக் காப்பு ஆகியவை தேவை. வெயிலுக்காக முகத்தையும் கழுத்தையும் சுற்றிக்கொள்ளும் துணியின் முனைகள் தொங்கலாகாது. அவற்றைச் சட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும்.

4. சரிவும் ஈரமும்

ஜெபல் அலி பெரிதும் சமநிலம். ஆயினும் சாலைச் சந்திப்புகளின் கரைகளும், ஒலி மறைப்புக்காகவும் அழகுக்காகவும் எழுப்பிய மண்மேடுகளும், நீர்த்தேக்கங்களின் ஓரங்களும் செங்குத்தாக அமையக்கூடும். உற்பத்தியாளர் பலர் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டலாகாது என எச்சரிக்கின்றனர். வாகனத்தின் கையேடு இதனினும் குறைந்த அளவைக் கூறினால் அதுவே எல்லை.

15 பாகையைக் கருவியின்றி அளக்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையின் ஒரு முனையைச் சரிவின்மீது வைத்து, மறுமுனையைச் சரிவின் கீழ்ப்பக்கம் நீட்டிக் கிடையாகப் பிடிக்க வேண்டும். நீட்டிய முனையிலிருந்து தரைவரை நேர்க்கீழாக அளந்தால் 27 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பின் சரிவு 15 பாகையைத் தாண்டிவிட்டது. அங்கே கையால் இயக்கும் கருவியையோ தொலைவிலிருந்து இயக்கும் கருவியையோ பயன்படுத்த வேண்டும்.

கோடையில் இப்பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று எழுகிறது. வெயிலைத் தவிர்க்கப் பணி விடியற்காலையில் தொடங்குகிறது. கடலோரக் காற்றின் ஈரத்தால் பனித்துளி படிந்திருப்பதும், இரவு நீர்ப்பாசனம் முடிந்து புல் நனைந்திருப்பதும் அதே வேளையில்தான். வெப்பத்திற்கு நல்ல நேரம் சரிவிற்குத் தீய நேரம் ஆகிறது. ஆகவே சமதளத்தை முதலில் வெட்டி, புல் காய்ந்தபின் சரிவுக்குச் செல்லுமாறு அன்றைய பணியை வகுத்துக்கொள்வது மேற்பார்வையாளரின் கடமை.

சரிவில் திடீரெனத் திரும்புதல், நிறுத்திக் கிளப்புதல், வேகத்தை மாற்றுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மேலும் கீழுமாக ஓட்டுவதா, குறுக்காக ஓட்டுவதா என்பது வாகனத்தின் வகைக்கேற்ப மாறும். கையேட்டின் கூற்றைப் பின்பற்ற வேண்டும். கருவிகள் தாழ்ந்த நிலையில் இருந்தால் வாகனம் நிலைபெறும். நிரம்பிய பெட்டியை உயர்த்தினால் எடையின் மையம் மேலே சென்று, சிறிய சாய்வும் வாகனத்தைக் கவிழ்க்கப் போதுமானதாகும். எனவே பெட்டியைச் சமமான, கெட்டியான தரையில் மட்டுமே உயர்த்திக் கொட்ட வேண்டும். மேலே மின்கம்பியோ மரக்கிளையோ இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருக்கையின் பின்னே நிற்கும் கவிழ்வுக் காப்புச் சட்டகம் உயர்த்திப் பூட்டிய நிலையில் இருக்கும்போது இருக்கைப் பட்டையைக் கட்டாயம் அணிய வேண்டும். தாழ்வான கிளைகளின் கீழே செல்வதற்காகச் சட்டகத்தை மடக்கியிருந்தால் பட்டையை அணியலாகாது. கவிழும் வாகனத்தில் அது இயக்குபவரைக் கட்டிப்போட்டுவிடும். மடக்கிய சட்டகத்துடன் சரிவில் ஏறவே கூடாது.

குடியிருப்புப் பகுதிகளில் குழந்தைகள் வாகனத்தின் ஒலியால் ஈர்க்கப்பட்டு வருவர். யாரேனும் அண்மையில் வந்தால் பிளேடை நிறுத்த வேண்டும். பின்னோக்கிச் செல்லும் முன்னரும், செல்லும்போதும், பின்புறத்தையும் தரையையும் நோக்க வேண்டும்.

5. நிறுத்தும் வரிசை

இருக்கையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும், அடைப்பு சிறியதாயினும், பின்வரும் வரிசையை மாற்றாமல் பின்பற்ற வேண்டும்.

அ. சமதளத்தில் வாகனத்தை நிறுத்துக.
ஆ. பிளேடுக்கும் கருவிகளுக்கும் செல்லும் விசையைத் துண்டிக்க.
இ. எல்லாக் கருவிகளையும் தரையில் இறக்குக.
ஈ. பார்க்கிங் பிரேக்கைப் போடுக.
உ. எஞ்சினை நிறுத்துக.
ஊ. ஹைட்ராலிக் லிவர்களை இரு பக்கமும் சில முறை நகர்த்தி அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்றுக. மின்சார வால்வு உள்ள வாகனங்களில் இதற்குச் சாவி திறந்த நிலையில் இருக்க வேண்டியிருக்கலாம், கையேட்டில் காண்க.
எ. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க.
ஏ. பிளேடு முற்றிலும் நின்றதைக் கண்ணால் கண்டபின் இருக்கையை விட்டு இறங்குக.

சாவியைப் பையில் வைப்பது அற்பச் செயலன்று. ஒருவர் டெக்கின் அருகே குனிந்திருக்கும்போது, அதனை அறியாத மற்றொருவர் வாகனத்தைக் கிளப்புவதை அது ஒன்றே தடுக்கிறது. சாவி யாருடைய கை ஆபத்தில் உள்ளதோ அவருடைய பையில் இருக்க வேண்டும்.

டெக்கைத் தூக்கிய நிலையில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்றால், உற்பத்தியாளர் அமைத்துள்ள பூட்டையோ தாங்கியையோ பொருத்த வேண்டும். செங்கல், மரத்துண்டு, ஜாக்கி ஆகியவற்றை மட்டும் நம்பலாகாது. சிக்கிய புல்லைக் கையால் அன்றிக் கட்டையால் நீக்க வேண்டும்.

கருவியை மாற்றும்போது, விரைவு இணைப்புகளைத் துடைத்துவிட்டுப் பூட்ட வேண்டும். இணைப்பில் ஒட்டிய மணல்துகள் எண்ணெயுடன் கலந்து பம்பையும் வால்வையும் அரிக்கும். இணைப்பு எளிதில் கழலவில்லை என்றால் உள்ளே அழுத்தம் உள்ளது என்று பொருள். சுத்தியலால் தட்டாமல், அழுத்தத்தை வெளியேற்றும் படியை மீண்டும் செய்ய வேண்டும். ஹோஸ்களை மாற்றிப் பூட்டினால் லிவரின் செயல் தலைகீழாகும். ஆகவே புதிய கருவியைப் பூட்டியபின், அருகில் எவரும் இல்லாதபோது மெதுவாக ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும்.

6. ஊசிமுனைக் கசிவு

ஹைட்ராலிக் ஹோஸில் மயிரிழை அளவே துளை விழுந்தால், அதிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்கு எளிதில் தென்படாத நுண்தாரையாகப் பாயும். அத்தாரை கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே செல்லும். ஆதலால் கசிவைக் கையால் தடவித் தேடலே ஆகாது. கண்ணாடி அணிந்து, விலகி நின்று, ஓர் அட்டைத்துண்டை ஹோஸின் அருகே நீட்டிப் பிடித்து, அதில் எண்ணெய் படிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு உறுதியானால் எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, ஹோஸை மாற்ற வேண்டும். அதன்மீது நாடா சுற்றுதல் பழுதுபார்த்தல் ஆகாது.

எண்ணெய் தோலுக்குள் சென்றுவிட்டால் முதலில் முள் குத்திய அளவே காயம் தோன்றும். வலியும் குறைவாக இருக்கலாம். இந்த அற்பத் தோற்றமே பலரை ஏமாற்றுகிறது. உள்ளே சென்ற எண்ணெய் தசைநாண்களின் உறைவழியே பரவி, சில மணி நேரத்தில் திசுக்களை அழிக்கத் தொடங்கும். அறுவை மருத்துவம் தாமதமானால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

எனவே பணி முடியட்டும், மாலையில் பார்க்கலாம் என்று காத்திருத்தல் கூடாது. மோதிரத்தைக் கழற்றி, கையை உயர்த்தி வைத்து, உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் உதவிக்கு 998 என்ற எண்ணை அழைக்கலாம். காயத்தைப் பிதுக்குதலும் தேய்த்தலும் ஒத்தடம் கொடுத்தலும் கூடாது. அறுவை தேவைப்படக்கூடும் ஆதலால் உணவும் நீரும் தவிர்க்க வேண்டும். மருத்துவரிடம் "ஹை பிரஷர் ஆயில் இன்ஜெக்‌ஷன்" என்ற சொற்களைக் கூற வேண்டும். எண்ணெய் டப்பாவின் முகப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துச் செல்வதும் உதவும்.

7. வெப்பமும் சட்டமும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2005 முதல் கோடை நண்பகல் ஓய்வு விதி நடைமுறையில் உள்ளது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணி முதல் 3.00 மணி வரை நேர் வெயிலில் திறந்தவெளியில் பணி செய்விக்கலாகாது. மீறும் நிறுவனத்திற்கு ஒரு தொழிலாளருக்கு 5,000 திர்ஹம் வீதம், 50,000 திர்ஹம் வரை அபராதம் உண்டு. மனிதவள மற்றும் அமீரகமயமாக்கல் அமைச்சகத்தின் 600590000 என்ற எண்ணில் முறையிடலாம். வெப்பம் இயந்திரத்தையும் பாதிக்கும். ரேடியேட்டரில் புல்தூளும் மணலும் அடைத்தால் எண்ணெய் மிகையாகச் சூடேறி இளகும். ஹோஸ்களும் முத்திரை வளையங்களும் விரைவில் கெடும். ஆகவே எஞ்சினை ஆறவிட்டு, ரேடியேட்டரை நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும்.

2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் கூட்டாட்சித் தொழில் உறவுச் சட்டம், ஜெபல் அலி தடையற்ற வர்த்தக மண்டலத்தில் பணிபுரிவோர்க்கும் பொருந்தும். வீட்டுப் பணியாளராக அமர்த்தப்பட்ட தோட்டக்காரர்க்கு 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் எண் சட்டம் பொருந்தும். முதற்கூறிய சட்டத்தின் மூன்று கூறுகளை இயக்குபவர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒன்று, பணியில் நேர்ந்த காயத்திற்கான சிகிச்சைச் செலவை முதலாளி ஏற்க வேண்டும். சிகிச்சைக் காலம் அல்லது 6 மாதம், இவற்றுள் எது குறைவோ அக்காலத்திற்கு முழு ஊதியமும், சிகிச்சை அதற்குமேல் நீண்டால் அடுத்த 6 மாதத்திற்கு அரை ஊதியமும் உரியன.

இரண்டு, பணியிடத்தில் வெளிப்படையாக ஒட்டப்பட்ட பாதுகாப்பு அறிவுறுத்தலைத் தொழிலாளர் வேண்டுமென்றே மீறியதால் காயம் நேர்ந்தது என நிறுவப்பட்டால், காயத்திற்கான இழப்பீட்டுரிமை இழக்கப்படும். இதனால் சுவரில் உள்ள அறிவிப்பு அலங்காரம் அன்று. அது ஒருவரின் உரிமையோடு பிணைந்தது. படிக்க இயலாத மொழியில் இருந்தால், விளங்கும் மொழியில் தரும்படி கேட்டுப் பெற வேண்டும். புரியாமலேயே பயிற்சிப் பதிவில் கையொப்பம் இடலாகாது.

மூன்று, கடுமையான ஆபத்து உள்ளது என்பதை அறிந்தும் முதலாளி அதனை நீக்காவிட்டால், முன்னறிவிப்பின்றிப் பணியை விட்டு விலகும் உரிமை தொழிலாளர்க்கு உண்டு. இங்கு 'அறிந்தும்' என்ற சொல்லே முதன்மையானது. வாய்மொழிப் புகார் பின்னர் மறுக்கப்படலாம். கட்டப்பட்ட சுவிட்சையோ கசியும் ஹோஸையோ படம் எடுத்து, தேதியுடன் மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்வது அறிவுடைமை. பெரும்பாலும் அச்செய்தியே பழுதை நீக்கவைக்கும். விலகும் நிலை எழாது.

8. தற்சோதனை

கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே வாகனத்தின் சாவி ஒருவரிடம் தரப்படுதல் நன்று.

வினா: புல் அடைத்துக்கொண்டது. எஞ்சின் நிறுத்தப்பட்டுள்ளது, டெக் தூக்கிய நிலையில் உள்ளது. கை விடலாமா?
விடை: கூடாது. சுழற்சி, உயரம், அழுத்தம் ஆகிய மூன்றும் எஞ்சியிருக்கலாம். நிறுத்தும் வரிசை முழுவதையும் முடித்து, தூக்கிய டெக்கிற்குத் தாங்கி பொருத்திய பின், கட்டையால் நீக்க வேண்டும்.

வினா: கையுறை அணிந்திருந்தால் கசிவைத் தொட்டுப் பார்க்கலாமா?
விடை: கூடாது. நுண்தாரை கையுறையைத் துளைக்கும். அட்டையைப் பயன்படுத்த வேண்டும்.

வினா: விரலில் முள் குத்தியது போன்ற புள்ளி, வலி இல்லை, சற்றுமுன் ஹோஸைத் தொட்ட நினைவு. என்ன செய்ய வேண்டும்?
விடை: உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வலி தோன்றும்வரை காத்திருத்தல் கையைப் பணயம் வைப்பதாகும்.

வினா: விடியற்காலையில் முதலில் எதை வெட்ட வேண்டும்?
விடை: சமதளத்தை. புல் காய்ந்தபின் சரிவை.

வினா: அடைப்பு நீக்கும் நேரத்தில் சாவி எங்கே இருக்க வேண்டும்?
விடை: அடைப்பை நீக்குபவரின் சட்டைப்பையில்.